குடல் அசைவு: முதலில் படத்தை வரைங்க மக்கா

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு உடலியங்கியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. குடல் அசைவில் நோய்ப் பட்டியலை உருப்போட்டுப் பயனில்லை, குடல் சுவரை வரைந்து பழகுங்கள். உள்ளே வட்டத் தசை, வெளியே நீளத் தசை, நடுவில் ஆயர்பாக் நரம்புப் பின்னல், அதை ஒட்டி கஹால் செல்கள்.

தாளம் போடுவது கஹால் செல்கள்தான். இரைப்பையில் நிமிஷத்துக்கு 3 மின் அலை, சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில் 12, சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் முடிவில் 8 அல்லது 9. ஆனால் சிறுகுடலில் அலை வந்தால் மட்டும் தசை சுருங்கிவிடாது, அதன் மேல் ஸ்பைக் எனும் கூர்மையான மின் துடிப்பு ஏற வேண்டும். இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் பெரிஸ்டால்சிஸ், அதாவது உணவை முன்னே தள்ளும் அசைவு. உணவு சுவரை விரித்ததும் அதற்குப் பின்னால் அசிட்டைல்கோலின் சுருக்கும், முன்னால் நைட்ரிக் ஆக்சைடும் விஐபி எனும் நரம்பு வேதிப்பொருளும் தளர்த்தும். வெளி நரம்புகளைத் துண்டித்த பிறகும் இது நடக்கிறது என்று பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1899இல் காட்டினார்கள்.

சரி, இனி எந்த நோயைக் கேட்டாலும் படத்தில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறவி நோயான ஹிர்ஷ்ஸ்ப்ரங்கில் பெருங்குடலின் கடைசித் துண்டில் பின்னலில் நரம்புச் செல்லே இல்லை, அந்தத் துண்டு தளராது, அதனால்தான் பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தைக்கு முதல் மலம் போகவில்லை என்றால் சந்தேகப்படுகிறோம். அகலேசியாவில் உணவுக்குழாயின் கீழ் முனையைத் தளர்த்தும் நரம்புகள் போய்விட்டன. பொட்டாசியம் குறைந்தால் தசையே சோர்ந்துவிடும். மார்ஃபின் மியூ எனும் ஓபியாய்டு ஏற்பி வழியாக அசிட்டைல்கோலினை அடக்குகிறது, பேதிக்குக் கொடுக்கும் லோப்பரமைடும் அதே வழிதான்.

வயிற்று அறுவை முடிந்தவர், "சாயா குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பார், டாக்டரோ "வாயு பிரிஞ்சுதா?" என்று திருப்பிக் கேட்பார். வார்டில் இதைக் கவனித்துக் கேளுங்கள், பாடம் முழுக்க அதில் இருக்கிறது. குடலைக் கையாண்டதால் வரும் அழற்சி, சிம்பதெடிக் தூண்டல், வலி மருந்து எல்லாம் சேர்ந்து அசைவை நிறுத்தியிருக்கும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் திரும்பும், இரைப்பைக்கு 24 முதல் 48 மணி நேரம், பெருங்குடல்தான் கடைசி, 48 முதல் 72. வாயு பிரிந்தால் பெருங்குடலும் எழுந்துவிட்டது என்று பொருள். ஆனாலும் இப்போது பல அறுவைகளில் அதற்குக் காத்திராமலே குடிக்கக் கொடுக்கிறார்கள், வைவா எனும் வாய்மொழித் தேர்வில் இதையும் சொல்லுங்கள்.

சிறுகேள்விக்கு ஒன்று: வெறும் வயிற்றில் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை மோட்டிலின் எனும் ஹார்மோன் கிளப்பிவிடும் துப்புரவு அலை. எரித்ரோமைசின் எனும் ஆன்டிபயாடிக் மோட்டிலினின் ஏற்பியில்தான் உட்காருகிறது.