வற் நம்பர் எடுப்பதா விடுவதா: வன்னியில் இருந்து லண்டன் வந்து சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு

வன்னியில் மேசன் வேலையோ பெயின்ற் வேலையோ செய்தவருக்கு வற் (பெறுமதி சேர் வரி) என்பது ஹாட்வெயார் கடை விலையோடு சேர்ந்து வருகிற சங்கதி, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் இலங்கையில் அதை 18 வீதமாக்கி, பதிவெல்லையை ஆண்டுக்கு 8 கோடி ரூபாவில் இருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள். அப்போதும் பரந்தனில் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவருக்கு அந்த எல்லை எட்டாத தூரம். அதே ஆள் லண்டனில் ஒரு வானும் ஏணியும் வாங்கித் தனியாகத் தொடங்கிய கையோடு கேள்வி வந்துவிடும்: "தம்பி, வற் நம்பர் எடுத்தனியோ? கட்டினதெல்லாம் திரும்பி வருமாம்."

கேட்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். கனடாவில் நான்கு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டினால் பதிய வேண்டும். டாக்சி, ஊபர் ஓட்டினால் முதல் டொலரில் இருந்தே. சுவிசில் எல்லை 100,000 பிராங்க். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் 90,000 பவுண். ரொறன்ரோச் சித்தப்பா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி.

இந்த 90,000 இலாபம் அல்ல, விற்பனை. வரி ஆண்டுக் கணக்கும் அல்ல. ஒவ்வொரு மாத முடிவிலும் கடந்த 12 மாதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தாண்டினால், அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அறிவிப்பது கட்டாயம். அதற்குக் கீழே நிற்கிறவர் பதிவது அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: உங்கள் பில்லுக்குக் காசு தருகிறவர் வற் பதிந்தவரா, இல்லையா?

வீட்டுக்காரருக்கு வேலை செய்தால் கணக்கு இப்படிப் போகும். ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க 1,200 பவுண் பேசுகிறீர்கள். சாமான் 240, அதற்குள் 40 பவுண் வற். பதியாதவர் கையில் மிஞ்சுவது 960. பதிந்துவிட்டு அதே 1,200 வாங்கினால், வற் 20 வீதம் என்பதால் அதில் ஆறில் ஒரு பங்கு, 200 பவுண், அரசுடையது. சாமானின் 40ஐக் கழித்து 160 கட்ட வேண்டும், கையில் 800. பழைய 960 மிஞ்ச வேண்டுமென்றால் பில் 1,392 ஆக வேண்டும். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் 1,200க்குச் செய்யத் தயாராக இருக்கும்போது வீட்டுக்காரர் 192 பவுண் கூடத் தருவாரா? "கட்டினதெல்லாம் திரும்பி வரும்" என்கிறவர்கள் அந்த 40ஐ மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பெரிய கொன்ராக்டருக்குக் கீழே வேலை செய்தால் நிலைமை மாறும். 2021 மார்ச் 1 முதல் கட்டட வேலையில் 'ரிவேர்ஸ் சார்ஜ்' முறை: இரு பக்கமும் வற் பதிந்து, வேலை சிஐஎஸ்ஸுக்குள் (கொன்ராக்டர் கூலியில் வரி பிடித்துக் கட்டும் கட்டடத் தொழில் திட்டம்) வந்தால், நீங்கள் பில்லில் வற் அறவிட மாட்டீர்கள், கொன்ராக்டரே தன் கணக்கில் காட்டிக்கொள்வார். உங்களுக்குச் சாமானில் போன 40 முழுதாகத் திரும்பி வரும். அப்படியானவர் மாதாந்த றிட்டேர்ன் (எச்எம்ஆர்சிக்கு அனுப்பும் வற் கணக்கு) கேட்டு எடுத்தால் காசு கெதியாக வரும். பில்லில் ரிவேர்ஸ் சார்ஜ் என்று எழுதாமல் பழக்கதோசத்தில் 20 வீதம் போட்டால் கொன்ராக்டர் பில்லைத் திருப்பி அனுப்புவார். திருத்திப் புதுப் பில் வரும்வரை உங்கள் காசும் நிற்கும்.

இங்கே எங்கள் ஆட்கள் அதிகம் குழம்புகிற இடம் சிஐஎஸ்ஸில் பிடிக்கும் 20 வீதம். வற்றும் 20 என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சிஐஎஸ்ஸில் பிடிபடுவது கூலியில் இருந்து, உங்கள் சொந்த வருமான வரிக்கு முற்பணமாக. சிஐஎஸ்ஸில் பதியாதவருக்கு அது 30 வீதம். வற் நம்பர் எடுத்தாலும் அந்தப் பிடிப்பு நிற்காது.

பதிவதற்கு முன் வாங்கிய சாமானுக்கும் வற் மீளப் பெறலாம். நான்கு வருடத்துக்குள் வாங்கியதாகவும் இன்னும் தொழிலுக்குப் பாவிப்பதாகவும் இருக்க வேண்டும். அடித்து முடிந்த பெயின்றுக்குக் கிடையாது. சேவைகளுக்கு ஆறு மாதம். 14,400 பவுணுக்கு வாங்கிய வான் என்றால் 2,400 பெரிய காசுதான். ஆனால் பில்லை எடுத்துப் பாருங்கள். பழைய வான்களை 'மார்ஜின் ஸ்கீம்' முறையில், அதாவது விற்கிறவர் தன் இலாபத்துக்கு மட்டும் வற் கட்டும் முறையில், விற்றால் பில்லில் வற் தனியாக இராது, ஒரு சதமும் எடுக்க முடியாது. தனியாரிடம் வாங்கினாலும் அப்படித்தான். பாங்க் ஸ்ரேற்மென்ற் வற் பில்லுக்கு ஈடாகாது.

தனியே நின்று பள்ளிக்கூடக் கணிதம் ரியூசன் கொடுக்கிற ரீச்சருக்கு இந்தத் தலையிடியே இல்லை. அவரது வேலை வற்றிலிருந்து விலக்கு, விரும்பினாலும் பதிய முடியாது. கேக் சுட்டு விற்கிறவருக்கு விற்பனையில் பூச்சிய வீதம். பதிந்தால் வாங்கியதில் கட்டிய வற்றை மீளப் பெறலாம். ஆனால் மாவிலும் சீனியிலும் வற் இல்லாதபடியால் பெட்டிக்கும் மெசினுக்கும்தான் ஏதும் வரும். 'பிளாற் றேற்', அதாவது வற்றோடு சேர்ந்த மொத்த விற்பனையில் ஒரு நிலையான வீதத்தைக் கட்டும் முறை, சுலபம் என்பார்கள். சாமான் செலவு விற்பனையில் 2 வீதத்துக்குக் குறைந்தவருக்கு அங்கே வீதம் 16.5, 120 பவுண் பில்லுக்கு 19.80 கட்ட வேண்டும். அந்தப் பில்லில் அறவிட்ட 20 பவுண் வற்றில் மிச்சம் 20 பென்ஸ்.

பதிந்தால் கணக்கெல்லாம் கணினியில் வைத்து மென்பொருள் வழியாகத்தான் அனுப்பலாம். பதிவேடுகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் கணக்குப் படித்த தங்கச்சி எக்ஸெல்லில் எழுதித் தந்தால் நல்லதுதான். ஆனால் அந்தத் தொகைகளைக் கையால் தட்டியோ கொப்பி பண்ணி ஒட்டியோ அனுப்பக் கூடாது. எக்ஸெல்லை எச்எம்ஆர்சியோடு இணைக்கும் மென்பொருள் வேண்டும். மார்ச் 31இல் முடிகிற காலாண்டுக்குக் கடைசி நாள் மே 7. காலாண்டுக்காரர் பிந்தினால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி, நான்காவது புள்ளியில் 200 பவுண் தண்டம். கட்ட ஒன்றும் இல்லாத காலாண்டுக்கும் றிட்டேர்ன் போட வேண்டும். வேலை இல்லாமல் ஊருக்குப் போய் நின்றவர்கள்தான் இதில் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள்.

சரிவராவிட்டால் பதிவை நீக்கலாம். அன்றைக்குக் கையில் இருக்கும், வாங்கியபோது வற் எடுக்கக் கூடியதாக இருந்த வானுக்கும் சாமானுக்கும் அப்போதைய பெறுமதிப்படி வற் கணக்கிட்டு, அது 1,000 பவுணைத் தாண்டினால் திருப்பிக் கட்ட வேண்டும்.