படிக்கட்டுப் பக்கம் மாட்டிய அறிவிப்பு

நெல்லை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மொத்தம் 34 பேர், அதில் 26 பேர் பெண்கள். மானூர், சீதபற்பநல்லூர் பக்கமிருந்து காலையில் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்தான் அதிகம்.

போன வருஷம், 2025 தொடக்கத்தில், கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் கேட்டார்: "உள்ளகப் புகார்க் குழு போட்டாச்சா? அறிவிப்பு எங்க மாட்டியிருக்கீங்க?" எங்களிடம் இரண்டுமே இல்லை.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்தப் புகார்களை விசாரிக்கக் குழு கட்டாயம். குழுவை அமைத்த உத்தரவையும், தப்பு செய்தால் என்ன தண்டனை என்பதையும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டச் சொல்கிறது 19ஆவது பிரிவு. மீறினால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கணக்கு எழுதுகிற எனக்கே இதெல்லாம் அன்றுவரை தெரியாது. கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "போர்டு மாட்டுனா, நம்ம கடையில என்னமோ நடக்குன்னுலா வாரவுக நெனைப்பாவ" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயம்தான். "வாரவுகளுக்கு இல்ல அண்ணாச்சி, நம்ம பிள்ளைகளுக்கு" என்றேன். சரி, செய் என்றார்.

குழு அமைப்பது நினைத்ததைவிடச் சுலபம். தலைமைக்கு மூத்த பொறுப்பில் உள்ள பெண் வேண்டும். சேலைப் பிரிவு சூப்பர்வைசர் அக்கா ஒத்துக்கொண்டார். ஊழியர்களில் நானும் பேக்கிங் அண்ணன் ஒருவரும். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம் என்பதால் பாளையங்கோட்டை வக்கீல் அக்கா ஒருவரைக் கேட்டேன், உடனே வந்தார். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், எங்களுக்கு அது தானாகவே அமைந்துவிட்டது.

இழுத்தது அறிவிப்புதான். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும் என்று எளிய தமிழில் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: 'புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம்.' அதைச் சரியாகப் போட வேண்டும் என்று கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், யாரிடம் கொடுப்பது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார். "என் மேலயேவா?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

எங்கே மாட்டுவது என்பதில் மறுபடியும் பேச்சு. அவர் தன் அறைச் சுவரைக் காட்டினார். அங்கே எந்தப் பிள்ளை நின்று படிக்கும்? மாடிப்படிக்குக் கீழே, தண்ணிக் கேனுக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அங்கேதான் வேண்டும் என்று நின்றேன். முதல் பிரதியை ஏ4 தாளில் எடுத்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா அதை வாங்கிக் கையை நீட்டி, தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எறும்பு மாதிரிலா இருக்கு தாயி" என்று திருப்பித் தந்தார். எழுத்தைப் பெரிதாக்கி, ஏ3 தாளில் லேமினேட் செய்தோம். ஈரச் சுவரில் டேப் ஒட்டவில்லை, ஆணி அடித்தோம். மூன்றாம் மாடி குடோனில் உள்ளவர்கள் பகலில் கீழே இறங்குவதே இல்லை என்று பிறகுதான் உறைத்தது. அங்கேயும் ஒன்று மாட்டினோம்.

முதல் இரண்டு நாள் யாரும் நேராகப் பார்க்கவில்லை. தண்ணி பிடிக்கிற சாக்கில் நின்று படித்தார்கள். ஒரு பிள்ளை டம்ளர் நிறைந்து வழிவது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் ராத்திரி ஒன்பதரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். "அக்கா, போர்டுல இருக்குறது ஒங்க நம்பர்தான?" ஆமாம்மா, சொல்லு என்றேன். அதற்குமேல் இங்கே எழுத முடியாது. புகார் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிறது 16ஆவது பிரிவு.