கல்லீரல் காயமும் ஃபைப்ரின் பசையும்: ஆபரேஷன் தியேட்டர் நாட்குறிப்பு

மார்ச் 4

ரத்தக் கசிவை அடைக்கும் ஃபைப்ரின் பசை இரண்டு சிரிஞ்சுகளில் வரும். ஒன்றில் ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), மற்றதில் அதை உறைய வைக்கும் த்ராம்பினும் கால்சியமும். முனையில் கலந்ததுமே உறையத் தொடங்கிவிடும். நடுவில் நிறுத்தினால் முனை அடைத்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளாமல் புது முனை போட வேண்டும். குளிரில் உறைய வைத்து வரும் வகையை 37 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. கல்லீரல் காயம் என்று தெரிந்ததுமே உருக்கச் சொல்லிவிடுவது நல்லது.

மார்ச் 6

பசை தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ரத்தம் ஓடும் பரப்பின் மேலேயே அடிப்பது. மேலே படலம் அழகாக உறைந்திருக்கும். அடியில் வரும் ரத்தம் அதைத் தூக்கிவிடும், கசிவு அப்படியே தொடரும்.

முதலில் காயத்தின் இரு பக்கத்தையும் கையால் சேர்த்து அழுத்த வேண்டும். அடங்காவிட்டால் பிரிங்கிள் கிளாம்ப்: கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையையும் தமனியையும் சேர்த்துப் பிடிப்பது. அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-ல் எழுதியது, இன்றும் முதலில் கை போவது இதற்குத்தான். பிடித்தும் கருஞ்சிவப்பாகப் பெருகினால் கல்லீரல் சிரையோ பின்னால் உள்ள பெருஞ்சிரையோ கிழிந்திருக்கலாம். அங்கே பசை வேண்டவே வேண்டாம்; சிரைக்குள் போனால் உள்ளேயே ரத்தம் கட்டிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் குழாய்களைக் கட்டிய பிறகு மிஞ்சும் கசிவுக்கே பசை. துணியால் ஒற்றிய கையோடு, மெல்லிய படலமாக. ஸ்ப்ரே என்றால் 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டே போனாலோ வாயு அழுத்தம் கூடினாலோ திறந்த சிரைக்குள் வாயு புகும்; அதில் உயிர்கள் போயிருக்கின்றன.

மார்ச் 9

ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் பூசிய கொலாஜன் (புரத) பேட்ச்: மருந்து உள்ள மஞ்சள் பக்கம் காயத்தின் மேல், விளிம்பைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. கையுறையில் ரத்தம் இருந்தால் பேட்ச் அதிலேயே ஒட்டும், எனவே கழுவிவிட்டுத் தொட வேண்டும். ஈரத் துணியால் 3 முதல் 5 நிமிடம் அழுத்தவும். துணியை எடுக்கும்போது பேட்ச் ஓரத்தை ஒரு கருவியால் பிடித்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும்.

மார்ச் 10

ஆழமான பிளவுக்கு ஜெலட்டின் துகளும் த்ராம்பினும் கலந்த கூழ். ஈரத்திலும் வேலை செய்யும், ஆனால் நோயாளியின் சொந்த ஃபைப்ரினோஜன் தேவை. உடல் குளிர்ந்து, ரத்தம் உறையாத நிலைக்குப் போனவரிடம் இதை நம்பி நேரம் கடத்தக் கூடாது. கல்லீரலைச் சுற்றித் துணி வைத்து அழுத்தி, ஐசியூவுக்கு அனுப்ப வேண்டும். 24 முதல் 72 மணி நேரத்தில் துணியை நன்றாக நனைத்து மெதுவாக உரிக்கும்போது பரப்பு மறுபடி கசியும். பசைக்கு ஏற்ற கசிவு அதுதான்.