பேன்ட் பாக்கெட்டில் வளைந்த போன்: நான்கு மாத அலைச்சல்

நான்கு மாதம் அலைந்ததில் போன வியாழக்கிழமை மாற்றுப் போன் கைக்கு வந்தது. சந்தோஷம்தான், ஆனால் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்ற நேரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எனக்குத் தெரிந்தே எங்கள் யூனிட் பக்கம் இரண்டு பேர் இதே போல மெல்லிசு போன் வளைந்து, "கஸ்டமர் டேமேஜ்" என்று சொன்ன உடனே பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். கட்டுவதற்கு முன்னால் செய்து பார்க்க வழி இருக்கிறது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. எங்கள் ஆபீசில் துணி பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி மேசை, அடியில் டியூப்லைட். ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், ஷேட் கார்டு, அதாவது சாய நிற மாதிரி அட்டை, பார்த்துக்கொண்டே போனைக் குப்புற வைத்தேன், ஆட்டம் காட்டியது. தட்டினால் டக் டக் என்று இரண்டு பக்கமும் சாய்கிறது. குனிந்து மேசை மட்டத்துக்குப் பார்த்தால், போனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிறை மாதிரி வெளிச்சம். இன்ச் டேப்பின் தகர முனையை உள்ளே விட்டேன், சுலபமாகப் போய்விட்டது. வால்யூம் பட்டன் இருக்கிற இடத்தில்தான் மடிப்பு. கீறல் இல்லை, விரிசல் இல்லை, ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் 52,000 ரூபாய்க்கு வாங்கியது, ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

நான் எப்படி வைத்திருந்தேன் என்று எல்லோரும் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இடது முன் பாக்கெட். பின் பாக்கெட்டில் வைக்கிற பழக்கமே கிடையாது. காலையில் வீரபாண்டியில் டையிங், அங்கிருந்து பிரிண்டிங், மதியம் ஸ்டிச்சிங், இப்படி பைக்கிலேயே நாள் போகும். பைக்கில் உட்காரும்போது தொடை மடிகிறது, யூனிட்டில் பண்டலைப் பிரித்துப் பார்க்கக் குத்த வைத்து உட்கார்ந்தால் இன்னும் மடிகிறது, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பந்திக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அப்போதும். இதெல்லாம் விசேஷமான காரியமா? இந்த ஊரில் பேன்ட் போட்ட ஆள் ஒவ்வொருவரும் தினமும் செய்வது. எங்கள் அப்பா வேட்டிக்குள் போடுகிற பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில்தான் எட்டு வருஷமாகப் பட்டன் போன் வைத்துக்கொண்டு தோட்டத்தில் பாத்தி கட்டுகிறார், அது அப்படியே இருக்கிறது.

திருப்பூரில் இருந்த சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள், கோயம்புத்தூர் போக வேண்டும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த தம்பி பில்லைப் பார்த்தார். "அண்ணா, பில்லு வேற பேர்ல இருக்குதுங்ணா. அவரு வந்தாத்தானுங்ணா ஜாப் ஷீட் போட முடியும்." ஈஎம்ஐ கார்டு என் மச்சினன் பேரில் இருந்ததால் கடையில் பில்லும் அவன் பேருக்கே போட்டுவிட்டார்கள். அவனுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன், வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்பச் சொல்கிறேன் என்றேன், எதுவும் எடுபடவில்லை. அந்த நாள் அப்படியே வீண். அடுத்தவர் கார்டில் வாங்குகிறவர்கள் பில்லை மட்டும் கட்டாயம் தங்கள் பேரில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊரில் எல்லாக் கடையிலும் "கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் போட்டுக்கலாங்ளா, இன்புட் எடுத்துக்கலாம்" என்று கேட்பார்கள். கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆசைப்பட்டு போட்டுவிட்டால், பிற்பாடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது வியாபார உபயோகத்துக்கு வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு ஒரு வாதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மச்சினன் காங்கயத்தில் கொப்பரைக் களம் பார்க்கிறான். காயப் போட்ட நேரம், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை இழுத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனேன். "மாமா, ஒரு போனுக்காக இவ்வளவு தூரமா?" என்றான், ஆனால் வந்தான்.

இந்தத் தடவை போனை வாங்கிய தம்பி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓரத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, "பெண்டுங்ணா. பெண்டுக்கு வாரண்டி வராதுங்ணா. ஃபிரேமும் டிஸ்ப்ளேயும் மாத்தணும், 19,400 ஆகும்" என்றார். ஜாப் ஷீட்டில் "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்று ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி. நான் போடவில்லை. கீழே விழுந்த அடையாளம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். கண்ணாடி உடைந்திருக்கிறதா, இல்லை. தண்ணீர் போயிருக்கிறதா, இல்லை. அப்படியானால் அதை எழுதுங்கள் என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டார்கள், பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு முகம் சூடாகிவிட்டது, இருந்தாலும் நகரவில்லை. கடைசியில் "விழுந்த அடையாளம் இல்லை, திரை நன்றாக உள்ளது, நடுப்பகுதியில் வளைவு" என்று திருத்தி அடித்துக் கொடுத்தார்கள். பிற்பாடு முழு விஷயமும் நின்றது அந்த ஒரு வரியில்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், என் தொழிலே பாக்கெட் வைக்கிற தொழில். ட்ராக் பேன்ட் பண்ணுகிறோம். பாக்கெட் ஓரத்தில் பார்டேக், அதாவது கிழியாமல் இருக்கப் போடுகிற நெருக்கத் தையல், விட்டுப்போய், போட்டவர் கையை விட்ட இடத்தில் கிழிந்தால், "உங்க கஸ்டமர் கையை வேகமா விட்டுட்டார்" என்று எங்களிடம் வாங்குகிற பையரிடம் நாங்கள் சொல்ல முடியுமா? நஷ்டத்தை எங்கள் கணக்கில் கழிக்கிற டெபிட் நோட் வரும், வாயை மூடிக்கொண்டு கட்டுவோம். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் துணியையே வெட்டுகிறோம், ஏனென்றால் அது துவைக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். போன் பாக்கெட்டில் போகும் என்பது அதைச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? விளம்பரத்திலேயே பாக்கெட்டில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிதானே காட்டுகிறார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2014 செப்டம்பரில் ஐபோன் 6 ப்ளஸ் வந்த ஒரே வாரத்தில் பாக்கெட்டில் வளைகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. அதன் தடிமன் 7.1 மில்லிமீட்டர். ஒன்பது பேர்தான் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், சாதாரண உபயோகத்தில் இது மிக அரிது என்றது ஆப்பிள். அப்புறம் 2018இல், அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றில் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. விற்பனைக்கு முன்பே அவர்கள் செய்த சோதனையில், முந்தைய மாடலான ஐபோன் 5எஸ்ஸோடு ஒப்பிட்டால் ஐபோன் 6 வளைய 3.3 மடங்கும், 6 ப்ளஸ் வளைய 7.2 மடங்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருக்கிறது. 6 ப்ளஸ் வந்த அடுத்த வருஷமே, 2015இல், 6எஸ் மாடலுக்கு இன்னும் உறுதியான அலுமினியத்துக்கு மாறினார்கள். என் போன் அந்தக் கம்பெனியுடையது அல்ல, ஆனால் "நீங்கதான் வளைச்சீங்க" என்கிற பதில் பழைய பதில் என்று புரிந்தது.

இன்னொரு கணக்கும் புரிந்தது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். 8 மில்லிமீட்டரை 5.6 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் இவ்வளவு மெல்லிசாகச் செய்யும்போது ஃபிரேமுக்கு வேறு உலோகம் வேண்டும். 2025இல் வந்த 5.6 மில்லிமீட்டர் ஐபோன் ஏர், 5.8 மில்லிமீட்டர் சாம்சங் எஸ்25 எட்ஜ் இரண்டிலும் டைட்டானியம் ஃபிரேம். பட்டனுக்காகப் பக்கவாட்டில் வெட்டிய துளை பலவீனமான இடம், போன் நீளமாக இருக்க இருக்க தொடை கொடுக்கிற நெம்பு அங்கே வந்து விழுகிறது. என் போன் மடங்கியதும் அதே இடத்தில். மெல்லிசாகச் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்துக்குப் பலம் கொடுத்துவிட்டுச் செய்யட்டும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல் கடைக்காரர், துணியைச் சுற்றிக்கொடுங்கள், முழங்காலில் வைத்து நேராக்கிவிடலாம் என்றார். செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, வளைந்ததை மறுபடி நிமிர்த்தினால் உள்ளே கிழிந்து தீப்பிடிக்கலாம். அப்படி நிமிர்த்திவிட்டால் கையில் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். வளைந்த போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன், மூன்று தடவையும் ஒரே பதில், எழுத்துக்கூட மாறவில்லை. பிறகு 1915க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், பதிவு எண் கொடுத்தார்கள், அது வரை நன்றாகவே நடந்தது. ஆனால் அவர்கள் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிப் பதில் வாங்கித்தான் தர முடியும், உத்தரவு போட முடியாது. இரண்டு வாரம் கழித்து அதே பழைய பதிலோடு "முடிக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. அங்கேயே மனதை விட்டுவிடுவேனோ என்று இருந்தது. விடவில்லை. அந்தப் பதிலையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

ஜாப் ஷீட், கண்ணாடி மேசையில் வெளிச்சம் தெரிய எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து நானே ஒரு நோட்டீஸ் எழுதி, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி 15 நாள் கெடு கொடுத்தேன். கடையிலிருந்து மட்டும் ஒருவர் போன் செய்து, "எங்களை ஏனுங்க இதுல இழுக்கறீங்க" என்று வருத்தப்பட்டார். கெடு முடிந்ததும் நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போட்டேன். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு சௌகரியம்: வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். வடிவமைப்புக் குறையும் குறைதான் என்று அதே சட்டம் சொல்கிறது, என் புகாரே அதை வைத்துத்தான். பில் மச்சினன் பேரில் இருந்ததற்கும் பதில் சட்டத்திலேயே இருந்தது, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். இருந்தாலும் அவனிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்தேன்.

முதல் தடவை புகார் திரும்பி வந்துவிட்டது. அபிடவிட்டில் நோட்டரி முத்திரை ஒரு பக்கத்தில் விழவில்லை, பக்க எண்ணோடு இன்டெக்ஸ் இல்லை. அதற்காக மறுபடி கோர்ட் பக்கம் போய் நோட்டரிக்குக் காத்திருந்து ஒரு காலை நேரம் போயிற்று. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், செல்லில் எடுத்த மங்கலான போட்டோவை ஏற்றாதீர்கள்.

இரண்டாவது தடவை ஏற்றிய பிறகு, முதல் வாய்தாவுக்கு முன்பாகவே கம்பெனியிலிருந்து போன். இத்தனை நாள் மெயிலில் முகம் தெரியாமல் இருந்தவர்கள், "சார், சொல்லுங்க சார்" என்று பேசினார்கள். முதலில் பாதிச் செலவு என்றார்கள், அப்புறம் ஃபிரேம் மட்டும் இலவசம் என்றார்கள். வளைந்த போனுக்குள் இருந்த பேட்டரியும் போர்டும் எனக்கு வேண்டாம், வேறு போன்தான் வேண்டும் என்று நின்றேன். ஒன்பது நாள் கழித்துச் சரி என்றார்கள்.

வாங்கப் போனபோது ஒரு தாளை நீட்டினார்கள். "குறை எதுவும் இல்லை, நல்லெண்ணத்தின் பேரில் தரப்படுகிறது" என்று இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மாற்றுப் போன் பெற்றுக்கொண்டேன், ஐஎம்இஐ எண் இது, தேதி இது, புகாரை வாபஸ் வாங்குகிறேன், அவ்வளவுதான் எழுதுவேன் என்று சொல்லி, வெள்ளைத்தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரம் யார் யாருக்கோ போன் பண்ணிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதி வாரண்டி புதிய எண்ணுக்கு மாறியதை அங்கேயே தளத்தில் பார்த்த பிறகுதான் கவுன்டரை விட்டு நகர்ந்தேன்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். களத்தில் கொப்பரை அள்ளிக்கொண்டிருந்தான். "பரவால்லீங் மாமா, ஜெயிச்சுட்டீங்க" என்றான், குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புதுப் போனைக் கண்ணாடி மேசையில் குப்புற வைத்து லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. எடுத்து அதே இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டையிங் கிளம்பினேன்.