மாத்திரையா, ஊசியா, டிரிப்பா?

முடக்குவாதப் பிரிவில் நான் செவிலியர். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்துவிடுவார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற பேச்சு, நோயாளி என் மேசைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் தொடங்கும்.

மாத்திரை என்றால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைப்பீர்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளின் குமட்டலை நினைத்து முந்தின நாளே முகம் வாடிப்போகிறவர்கள் உண்டு. ஊசிக்கு மாறியதும் அவர்களில் சிலர், "இது எவ்வளவோ தேவலை சிஸ்டர்" என்பார்கள். மருத்துவர்கள் ஊசியை விரும்புவதற்குக் காரணம் வேறு. வாரத்துக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால், விழுங்கும் மருந்து அதே அளவுக்கு ரத்தத்தில் சேர்வதில்லை. தோலுக்கடியில் போட்டால் சேரும். ஆளுக்கொரு காரணம், முடிவு ஒன்று. சரி, அதில் தகராறு இல்லை.

தகராறு, உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்துகளில்தான். அடாலிமுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். இன்ஃப்ளிக்சிமாபுக்கு இங்கே வந்து இரண்டு மணி நேரம் போல டிரிப்போடு உட்கார வேண்டும். முதல் மூன்று தவணைகளுக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. வீட்டில் முடிகிற வேலைக்கு யார் அலைவார்கள் என்பது மருத்துவர்களின் கணக்கு.

ஒரு பெரியவரிடம் பயிற்சிப் பேனாவைக் கொடுத்தேன். வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி பேனா வடிவில் வரும்; இது மருந்தில்லாத வெறும் பேனா. மூடியை நேராக இழுக்க வேண்டும். கட்டைவிரல் மடங்கவில்லை. முழங்கால்களுக்கு இடையில் பேனாவை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார், வந்தது. தொடையில் வைத்து அழுத்தி, 'க்ளிக்' கேட்ட பிறகும் அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்குள் கை நடுங்கி நழுவிவிட்டது. "டிரிப்புக்கே வந்துடறேம்மா" என்றார்.

இன்னொரு பெண்ணுக்கு விரல்களில் குறையே இல்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் மருந்து இருந்தால் தான் நோயாளி என்பது தினமும் கண்ணில் படுமாம். நியாயம்தான். அவருக்கும் டிரிப்.

டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் ஊசி, குளிர்பெட்டி இரண்டையும் தவிர்க்கும். ஆனால் 65 வயதைத் தாண்டியவர், புகைபிடிப்பவர், இதயநோய் உள்ளவர் என்றால் மருத்துவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது ஒரு மருத்துவர் மட்டும், சீட்டு எழுதுவதற்கு முன்பே நோயாளியைப் பேனா பிடித்துப் பார்க்க என்னிடம் அனுப்புகிறார். மற்றவர்கள் எழுதிவிட்டு அனுப்புகிறார்கள். அதில் சிலரை நான் திருப்பி அனுப்புகிறேன்.