தூரத்து கேலக்ஸியையும் பக்கத்து கேலக்ஸியையும் ஒப்பிடப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நான் முதலில் செய்தது, ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீள்கிறது என்ற அளவு) 2-இல் இருக்கும் கேலக்ஸிகளின் ஹப்பிள் படங்களையும், 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எம்81 என்ற கேலக்ஸியின் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததுதான். தூரத்தில் இருந்தவை திட்டுத் திட்டாக, கோணல்மாணலாக இருந்தன. எம்81 அழகான சுருள். சரி, சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கேலக்ஸிகளுக்கு ஒழுங்கான உருவமே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வைவாவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "ரெண்டும் ஒரே ஒளியில எடுத்த படமா?" பதில் சொல்ல முடியவில்லை.

ரெட்ஷிஃப்ட் 2 என்றால் ஒளியின் அலைநீளம் மூன்று மடங்காக நீண்டு நம்மிடம் வருகிறது. அதாவது 600 நானோமீட்டர் ஃபில்டரில் நாம் பிடிப்பது, அங்கிருந்து 200 நானோமீட்டராகக் கிளம்பிய புற ஊதா ஒளி. அதில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் புதிதாகப் பிறந்த சூடான விண்மீன்கள்தான், வயதானவை மங்கிவிடும். எம்81-ஐயே கேலெக்ஸ் தொலைநோக்கி எடுத்த புற ஊதாப் படத்தில் தேடிப் பாருங்கள், நடுவில் இருக்கும் அந்தப் பெரிய மஞ்சள் குமிழ் அடங்கிப்போய் கைகள் மட்டும் முடிச்சு முடிச்சாக எரியும். அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்ப்பதால், பழைய விண்மீன்களின் ஒளியும் அதில் சிக்குகிறது. ஹப்பிளில் கோணலாகத் தெரிந்த பலவற்றில் அது வட்டத்தட்டைக் காட்டியது. திட்டுகள் எல்லாம் பொய் என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்தில் வாயு அதிகம், விண்மீன் பிறப்பும் உச்சத்தில் இருந்தது, ஆனால் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஃபில்டரின் வேலை என்று பிரித்த பிறகுதான் பேச வேண்டும்.

அப்புறம் மங்கலையும் கணக்கில் எடுங்கள். பரப்பொளிர்வு, அதாவது வானில் ஒரு சிறு பரப்பிலிருந்து வரும் ஒளியின் அளவு, (1+z)-இன் நான்காம் அடுக்கில் குறைகிறது (z என்பது ரெட்ஷிஃப்ட்), ரெட்ஷிஃப்ட் 2-க்கு 81 மடங்கு. வெளி ஓரம் மறைந்துபோய் கேலக்ஸி சின்னதாகத் தெரியும்.

இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். அன்றைக்கு 10,000 கோடி சூரிய நிறை இருந்த கேலக்ஸி இன்று அதே நிறையில் நிற்காது, வளர்ந்திருக்கும். அதனால் இன்றைய பால்வீதியின் இளமைக் காலத்தைத் தேடுகிறவர்கள் அன்றைய சின்னக் கேலக்ஸிகளுக்குள் தேட வேண்டும். தேர்வில் 'ஒப்பிடுக' என்று வந்தால் அலைநீளம், மங்கல், நிறை மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, பிறகு உருவத்துக்குப் போங்கள்.