சாரல் நேரத்தில் பிழிய மறுத்த மெஷின்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் துணி காய்வதே பெரும்பாடு. ஜூன், ஜூலையில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று ஈரத்தோடுதான் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், அலசி முடித்துவிட்டுப் பிழியாமல் நின்றுகொண்டது.

மோட்டார் போச்சு, பெல்ட் போச்சு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது. விஷயம் அங்கேதான். தண்ணீர் வடிந்துவிட்டது என்று, உள்ளே நீர்மட்டத்தை உணரும் பிரஷர் சுவிட்ச் சொன்னால்தான் மெஷின் ஸ்பின்னுக்கு, அதாவது பிழிவதற்குப் போகும்.

முன்பக்கம் கதவு உள்ள மெஷின்களில் பெரும்பாலும் கீழே ஓரத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதற்குள்தான் தண்ணீரை வெளியே தள்ளும் டிரெய்ன் பம்ப்பின் ஃபில்டர்; அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தாம்பாளமும் பழைய துண்டும் கீழே போட்டு, மெதுவாகத் திருகுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் வீடே வெள்ளக்காடு. எங்களுடையதில் வந்தவை: துருப்பிடித்த ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு, கறுப்பு வேட்டி நூலில் சிக்கிய ஒரு துளசிமணி. சபரிமலை சீசனில் அறுந்த மாலையுடையதாக இருக்கும். அம்மா அதை மட்டும் கழுவி சாமி படத்தருகே வைத்துவிட்டார்.

தண்ணீர் வடிந்தும் சுழலவில்லையா? கனம் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும். ஒற்றைப் போர்வையைப் போட்டால் இந்தத் தொல்லைதான். கூட இரண்டு துண்டைப் போடுங்கள். மேல்மூடி மெஷின் என்றால் மூடி சரியாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்தான். சாரல் சீசனில் அவர் போன் எடுப்பது தனிக் கதை.